ரிவர்ஸ் பிடிக்கும் நேரம்

அன்று காலை அஞ்சலியின் பள்ளிப் பை காரில் உரசியது.

பையை முதுகில் மாட்டிக்கொண்டு காரின் பின்பக்கத்துக்கும் கேட்டுக்கும் நடுவே பக்கவாட்டில் நடந்து, கேட்டின் சின்னக் கதவைத் திறந்து, தெருவில் நிற்கும் வேனில் ஏறுவது அவளுக்குத் தினசரிப் பழக்கம். எட்டு மாதமாக ஒரு நாளும் பை உரசியதில்லை. அன்று உரசி, காரைப் போர்த்தியிருந்த சாம்பல் நிறத் துணி கொஞ்சம் இழுபட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அப்பா சுகுமார் பார்த்தான்.

வேன் போன பிறகு குனிந்து துணியைத் தூக்கினான். எட்டு மாதமாக ஒரே இடத்தில் நின்ற டயர் தரையில் தன் அச்சை விட்டிருந்தது; சுற்றிலும் தூசி, நடுவில் சுத்தமான ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் இப்போது டயர் இல்லை. கேட்டை நோக்கி நான்கு விரல் தள்ளி நின்றிருந்தது.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெரு அது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட, வீடுகள் எல்லாம் பள்ளத்தில் இறங்கிவிட்டன. கேட்டிலிருந்து வாசற்படி வரை தரை உள்பக்கமாகச் சரிந்திருக்கும். அஞ்சலி பந்தை எங்கே விட்டாலும் அது உருண்டு வாசற்படிக்கே வந்து சேரும். கார் நகர்வதாக இருந்தால் வாசற்படியைப் பார்த்துத்தான் நகர வேண்டும். அது மேட்டில் ஏறியிருந்தது.

சாவி பீரோவில் இருந்தது. கியர் பார்க்கில் இருந்தது. பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. யாராவது தள்ளியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, பின் சக்கரங்களுக்கு ஒவ்வொரு செங்கல் முட்டுக்கொடுத்துவிட்டு அவன் ஆபீசுக்குக் கிளம்பினான். கிண்டியில் ஒரு பம்பு கம்பெனியில் டிராயிங் போடுகிற வேலை. அன்று முழுவதும் எந்தக் கோட்டைப் போட்டாலும் அந்த நான்கு விரல் இடைவெளி கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.

அது அவன் மனைவி ஜான்சியின் கார். இரண்டு வயதில் வந்த போலியோவில் அவளுக்கு இடது கால் சூம்பியிருந்தது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் மேடவாக்கத்தில் ஒருவரிடமிருந்து, பத்து வருஷம் ஓடிய அந்த ஆட்டோ கியர் ஜப்பான் காரை வாங்கினான். ஏரிக்கரையில் ஒரு மாதம் ஓட்டிப் பழகி, கிழக்குத் தாம்பரத்தில் அவள் பாடம் எடுத்த பள்ளிக்குத் தானே ஓட்டிக்கொண்டு போனாள். வாழ்நாளில் முதல் தடவையாக யாரையும்விட வேகமாகப் போகிறேன் என்று சொல்லிச் சிரித்தாள்.

போன அக்டோபரில் ஒரு காலை, இரண்டு முறை ஹாரன் அடித்தாள். வந்து கேட்டைத் திற என்று அர்த்தம். அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். வரேன் என்று குரல் கொடுத்துவிட்டு மீதிக் கன்னத்தையும் முடிக்கலாம் என்று நின்றான். அந்த நேரத்தில் அவள் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு, தானே கேட்டைத் திறக்கப் போனாள். கார் பின்னால் வந்தது. அவன் கேட்டது இரும்பில் இரும்பு மோதிய சத்தம் மட்டும்.

வண்டியைச் சோதித்தவர்கள் இயந்திரக் கோளாறு இல்லை என்று எழுதினார்கள். ரிவர்ஸில் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். கால் அப்படி இருக்கிறவளுக்குக் கார் எதற்கு என்று துக்கம் கேட்க வந்தவர்களே கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அவன் பதில் சொல்லவில்லை. அதன் பிறகு யாருக்குமே அவனால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. துக்கம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

புதன்கிழமை செங்கல் இரண்டும் ஒரு விரல் பின்னால் தள்ளப்பட்டிருந்தன. ஒன்றின் முனை பொடிந்திருந்தது.

மாடியில் குடியிருந்த சுந்தரவல்லிதான் அஞ்சலியை மாலை வேளைகளில் பார்த்துக்கொள்வாள். மாடிப்படி அந்தக் காரின் பின்னால்தான் வந்து இறங்கும். வீட்டைவிட்டு வெளியே போக வேறு வழி கிடையாது. குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த இடைவெளியில் புகுந்து போகிறாள் என்று சுகுமார் முதன்முதலாக நினைத்துப் பார்த்தான். அன்றே காரை விற்றுவிட முடிவு செய்தான்.

ஆட்டோ கியர் தெரிந்த மெக்கானிக் என்று இரும்புலியூரில் குணாவைக் காட்டினார்கள். நாற்பது வயது, வாய் நிறைய பேச்சு. பேட்டரியோடு வந்து இறங்கியவன் துணியைப் பார்த்து, கொழந்தைக்குப் போத்துற மாரி போத்தி வெச்சிருக்கீங்களே சார், குளுர் அடிக்குதா இதுக்கு என்று கேலி செய்தான். விற்பதற்கு முன் சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் சுகுமார் சொல்லியிருந்தான். ஜான்சியைப் பற்றிச் சொல்லவில்லை.

இன்ஜின் கிளம்பியது. நாட்பட்ட பெட்ரோலின் புளித்த வாடையும், எங்கோ சூடேறும் ரப்பரின் வாடையும், அவற்றுக்கு அடியில், கதவைத் திறந்ததும் லேசாக எழுந்த அவளுடைய பவுடரின் வாடையும் ஒன்றாக வந்து சுவரில் முட்டித் திரும்பின. குணா பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ரிவர்ஸுக்குக் கொண்டுபோனான். ஒன்றும் நடக்கவில்லை. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. குணாவின் விரல் ஸ்டியரிங்கில் மெதுவாகத் தாளம் போட்டது. பிறகு அடியிலிருந்து ஒரு 'தொம்'. கார் முழுவதும் ஒரு முறை பின்னால் குலுங்கி நின்றது.

"ஏழு செகண்டு சார். ரிவர்ஸ் போட்டா ஏழு செகண்டு கழிச்சுப் புடிக்குது. தெரியாதவங்க கியரே விழலன்னு நெனச்சு எறங்கிப் பூடுவாங்க."

ஜான்சி மறதியாக இறங்கவில்லை. வண்டி செத்துவிட்டது என்று நினைத்து இறங்கியிருக்கிறாள்.

குணா இன்ஜினை அணைக்காமலே பானெட்டைத் திறந்து கியர் ஆயில் ஸ்டிக்கை உருவினான். துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவி வெளிச்சத்தில் பிடித்தான். நுனியில்கூட எண்ணெய் இல்லை. இத்த யார் செக் பண்றது என்று கேட்டான்.

"நான்தான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பார்ப்பேன். எப்பவும் ஃபுல்லாத்தான் இருக்கும்."

"இன்ஜின ஆஃப் பண்ணிட்டா பாத்தீங்க?"

அவன் தலையசைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அங்கதான் சார் தப்பு. ஆஃப் பண்ணா மேல ஏறுன ஆயில் அத்தினியும் கீழ எறங்கிடும். ஃபுல்லுன்னு காட்டும். இத்த வண்டி ஓடிக்கினு இருக்கும்போதே பாக்கணும். இன்ஜின் ஆயில் மாரி பாத்துட்டீங்க. கியர் வண்டி ஓட்டுனவங்க எல்லாரும் பண்றதுதான், வுடுங்க."

ஞாயிறுதோறும், இன்ஜின் ஆறிய பிறகு, வெள்ளைத் துணியில் துடைத்து, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறான். ஜான்சி படியில் உட்கார்ந்துகொண்டு, டாக்டர் சார், உங்க பேஷண்ட் எப்படி இருக்கு என்பாள். நன்றாக இருக்கிறது என்று அவன் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு வாரமும் சொல்லியிருக்கிறான்.

குணா காரைத் தன் ஷெட்டுக்கு ஓட்டிப் போனான். மறுநாள் ஆபீஸ் முடிந்து சுகுமார் போனபோது கார் ஜாக்கியில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அடியில் தட்டு திறந்திருந்தது. தார்போலக் கறுத்த எண்ணெய் பேசினில் கிடந்தது. கருகிய பாகின் வாடை ஷெட் முழுக்க நிறைந்திருந்தது. ஃபில்டர் அடைத்துப்போயிருந்தது. புதுப்பேட்டையில் அலைந்து வேறு ஃபில்டர் வாங்கி மாட்டி, சிவந்த புது எண்ணெயை ஊற்றினான் குணா. ரிவர்ஸ் போட்டால் அவன் விரல் சொடுக்கி முடிப்பதற்குள் பிடித்தது. பத்து தடவை போட்டுக் காட்டினான். பத்து தடவையும் பிடித்தது.

சனிக்கிழமை மாலை காரைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே நிறுத்தினான். வாங்குகிறவர் பத்து நாளில் வருவார், அதுவரை தினமும் காலையில் கிளப்பி ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிறு காலை சுகுமார் ஜான்சியின் இருக்கையில் உட்கார்ந்தான். பிரேக்கை மிதித்து ரிவர்ஸ் போட்டான்.

ஒன்றும் நடக்கவில்லை.

பத்து வரை எண்ணினான். இருபது வரை எண்ணினான். கியரை எடுத்து மறுபடி போட்டான். கரண்ட் இல்லாத வீட்டில் சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டுவதுபோலப் போட்டுப் போட்டு எடுத்தான். பார்க்குக்குக் கொண்டுவந்து இன்ஜினை அணைத்து, கைப்பிரேக்கைத் தூக்கி, செங்கற்களை முட்டுக்கொடுத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

பதினொரு மணிக்குச் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தான். வெளியில் தண்ணீர் லாரி போய் முடிந்து தெரு அடங்கியிருந்தது.

தொம்.

அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று லேசாக உரசின. போய்ப் பார்த்தான். பானெட்டில் கை வைத்தான். ஆறிக் கிடந்தது. செங்கற்கள் இரண்டும் சாய்ந்திருந்தன. நான்கு விரல்.

இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் போட்ட ரிவர்ஸ் இப்போது பிடித்திருக்கிறது.

அப்படி நினைத்ததும் சிரிப்புத்தான் வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கியரை எத்தனை தடவை போட்டு எடுத்தோம் என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

மூன்று மணிக்கு ஒன்று. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒன்று.

அன்று மாலை சுந்தரவல்லி படியில் நின்றுகொண்டு கோபித்தாள். மூணு தடவ கூப்ட்டுட்டேன், காது அடைச்சுப் போச்சா தம்பி என்றாள். அவனுக்கு மூன்று தடவையும் கேட்டிருந்தது. முதல் தடவையே என்னக்கா என்று கேட்டுவிட்டதாகத்தான் அவன் நினைத்தான். அவள் திரும்பி நான்கு படி ஏறிய பிறகு அவன் வாயிலிருந்து 'என்னக்கா' வந்தது.

திங்கள் காலை அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தைத் துணி இல்லாமல் எடுத்துவிட்டான். சூடு உடனே ஏறியது. விடு என்று விரல்களுக்குச் சொன்னான். விரல்கள் விடவில்லை. பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றான். தோல் வெந்து ஒட்டுவது தெரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு யாரோ வேறொருவருடைய கைபோல அது விரிந்தது. பாத்திரம் விழுந்தது.

குணா சாயங்காலம் வந்தான். ஷோக்காத்தான சார் போச்சு, இன்னா பேஜார் பண்ணீங்க அத்த என்று கேட்டுக்கொண்டேதான் இறங்கினான். பேட்டரி வயரைக் கழற்றினான். பேட்டரியையே தூக்கித் தரையில் வைத்தான். அடியில் படுத்துப் பார்க்கலாம் என்று குனிந்தபோது அவன் முகத்துக்கு எதிரே சக்கரம் அரை அடி நகர்ந்தது.

தொம்.

குணா எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். பிறகு கேலி இல்லாத குரலில், எத்தினி தபா ரிவர்ஸ் போட்டீங்க என்று கேட்டான். தெரியாது என்று சொல்ல சுகுமாருக்கு வாய் திறந்தது. சத்தம் பிறகு வந்தது. குணா அதையும் பார்த்தான். அவனைப் பார்த்துக்கொண்டே ஒரு அடி தள்ளி நின்றான்.

பக்கத்தில் நின்றபடியே நீளக் கம்பியால் அடித்தட்டின் திருகாணியைக் கழற்றி எண்ணெய் முழுவதையும் வடியவிட்டான். சிவந்த எண்ணெய் சரிவில் ஓடி வாசற்படிக்கு வந்து தேங்கியது.

"ஆயில் இல்லாம எதுவும் புடிக்காது சார். நாளிக்கு பத்து மணிக்கு வண்டி எட்தாந்து இத்த இஸ்துகினு பூட்றேன். அதுவரிக்கும் கொழந்தைய இந்தாண்ட வுடாதீங்க."

சுகுமார் அன்றிரவு அஞ்சலியை மாடியிலேயே தூங்க வைத்தான். நாளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், கார் போகிற வரைக்கும் கீழே அனுப்பாதீர்கள் என்று சுந்தரவல்லியிடம் சொல்லத்தான் போனான். கதவருகில் நின்று அவள் தண்ணீர் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொன்னான். சரி தம்பி, காலைல பாக்கலாம் என்று அவள் கதவைச் சாத்தினாள். அவன் நிம்மதியாக இறங்கி வந்தான்.

செவ்வாய் காலை ஏழே முக்கால். மழை வரப்போகிற புழுக்கம். ஏரிப்பக்கமிருந்து பாசி வாடை. சுகுமார் வாசற்படியில் நின்று காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரவில் அவன் இரண்டு தடவை சத்தம் கேட்டிருந்தான். எண்ணெய் இல்லாமல். பேட்டரி இல்லாமல். காருக்கும் கேட்டுக்கும் நடுவே இப்போது ஒன்றரைச் சாண் இருந்தது.

தெருவில் வேன் வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

மாடியில் கதவு திறந்தது. படியில் ஷூ சத்தம். வேகமாக, இரண்டிரண்டு படியாக.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. நேற்று இரவு சுந்தரவல்லி கதவைச் சாத்தியதை அவன் பார்த்தான். அதன் பிறகுதான் அவன் வாய் அசைந்தது. சாத்திய கதவிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அஞ்சலி படியிலிருந்து குதித்தாள். இரட்டைப் பின்னல். ரிப்பன். பையைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். முதுகைக் கேட்டில் ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு, இடைவெளியில் நுழைந்தாள். நடுவில் நின்றாள். காரின் மேலாக அவனைப் பார்த்தாள்.

"டாட்டாப்பா."

அவளைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிக்கத் தோன்றியது. கையாட்டத் தோன்றியது. அது யோசனை இல்லை. அவள் டாட்டா சொன்னால் உடம்பு தானாகச் செய்வது.

தொம்.

துணிக்கு அடியில் ரிவர்ஸ் விளக்கு இரண்டும் எரிந்தன. துணி ஊடாக வெள்ளையாகத் தெரிந்தன. பேட்டரி அவன் காலடியில் தரையில் இருந்தது.

இந்த முறை ஒரு குலுங்கலோடு நிற்கவில்லை. மெதுவாக வந்தது. செங்கல் நொறுங்கியது. மேட்டில் ஏறியது. சத்தமில்லாமல் ஏறியது.

கத்து என்றான் வாயிடம். ஓடு என்றான் காலிடம்.

ஒன்று.

நான்கே எட்டு. பானெட்டில் ஏறினால் இரண்டே எட்டு. கால் தரையில் இருந்தது. அவனுடைய கால்தான். அது கேட்கவில்லை.

இரண்டு.

துணி அவள் சீருடையைத் தொட்டது. அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண்ணில் ஒரு கேள்வி. பயம் இன்னும் வரவில்லை. அப்பா என்ன சொல்கிறார் என்று பார்க்கிறாள். அவர் முகத்தில் பயம் இருந்தால் அவளும் பயப்படுவாள். கேட்டின் சின்னக் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு எட்டு. ஒரே ஒரு எட்டு வைத்தால் போதும்.

மூன்று.

ஏதோ பிடித்தது. அவன் முகம் அசைவதை அவன் உணர்ந்தான். உதடுகள் விரிந்தன. கன்னம் உயர்ந்தது. வலது கை எழுந்தது.

அவன் சிரித்தான். கையாட்டினான்.

அஞ்சலியின் முகத்திலிருந்த கேள்வி போய்விட்டது. அவள் நின்ற இடத்திலேயே நின்று, பையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையைத் தூக்கி அவனுக்கு டாட்டா காட்டினாள்.